மூடிப்போன பல்கலைக்கழகத்தில் வாங்கிய பிஎச்டி போலியா? யூனியன் இன்ஸ்டிட்யூட்டின் கதை

நீங்கள் கேட்டது இது: உங்கள் நிறுவனத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இயக்குநர், 1998-ல் அமெரிக்காவின் யூனியன் இன்ஸ்டிட்யூட்டில் பிஎச்டி வாங்கியதாகத் தன் விவரக்குறிப்பில் போட்டிருக்கிறார். தேடிப் பார்த்தால் அந்த இடம் மூடப்பட்டுவிட்டது, அரசு அபராதமும் விதித்திருக்கிறது. அப்படியானால் அது போலிப் பட்டம்தானே, வேலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் என்பதே ஏமாற்று வேலைதானே என்கிறீர்கள். உண்மையில் இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. அந்தப் பட்டம் செல்லுமா என்பது ஒன்று. இப்படி ஒரு பல்கலைக்கழகம் எப்படி உருவாகி எப்படி அழிந்தது என்பது மற்றொன்று. முதலாவதுக்குப் பதில் சுலபம். அது போலிப் பட்டம் அல்ல. ஒரு கல்வி நிறுவனம் பின்னாளில் மூடப்படுவதால், அங்கீகாரத்தோடு இயங்கிய காலத்தில் அது கொடுத்த பட்டம் செல்லாததாகிவிடாது. இரண்டாவதுக்குத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

நான் பேசும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பட்டங்களையும் மதிப்பெண் பட்டியல்களையும் சரிபார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். யூனியனில் படித்ததில்லை, கற்பித்ததும் இல்லை. அங்கிருந்து வரும் காகிதங்களைப் படித்துப் படித்துத்தான் அந்த இடத்தின் வரலாற்றில் எனக்கு ஆர்வம் வந்தது. மற்ற பல்கலைக்கழகங்களின் பட்டியலில் பாடத்தின் பெயர், மதிப்பெண், அவ்வளவுதான் இருக்கும். இவர்களுடையதில் பத்தி பத்தியாக உரைநடை இருக்கும். முதன்முறை பார்ப்பவருக்குச் சந்தேகம் வருவது இயல்புதான். அதனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கதையை 1964-ல் தொடங்குவது வழக்கம். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு சிறு கல்லூரிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று ஒஹாயோ மாநிலத்தில் யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் இருக்கும் ஆன்டியோக் கல்லூரி. அங்கே 1921-லேயே கல்லூரித் தலைவர் ஆர்தர் மார்கன் ஒரு வேலையைச் செய்தார்: மாணவர்கள் சில மாதம் வகுப்பில் இருப்பார்கள், சில மாதம் வெளியே போய்ச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பார்கள், இரண்டும் சேர்ந்துதான் படிப்பு. மற்றொன்று வெர்மான்ட் மாநிலத்துப் பிளெயின்ஃபீல்டில் ஒரு பழைய பண்ணையில் 1938-ல் தொடங்கிய கோடார்ட் கல்லூரி. அதை நிறுவிய ராய்ஸ் பிட்கின், ஜான் டூயி, வில்லியம் கில்பாட்ரிக் ஆகியோரின் கல்விச் சிந்தனையில் ஊறியவர். செய்து கற்பதுதான் கற்பது என்ற கட்சி. இந்த இரண்டு இடங்களிலும் தேர்வு, மதிப்பெண், வரிசைக்கிரமமான பாடத்திட்டம் ஆகியவற்றின் மீது பெரிய மரியாதை கிடையாது.

கோடார்டில் 1963-ல் நடந்தது சிறிய விஷயம்தான், ஆனால் இன்று வளாகத்தில் தங்காமல் படிக்கும் பல படிப்புகளுக்கு அதுதான் பாட்டி. எவலின் பேட்ஸ் என்ற பெண்மணி வகுத்த 'பெரியவர்களுக்கான பட்டத் திட்டம்' அந்த ஆண்டு தொடங்கியது. கல்லூரியை இடையில் விட்டவர்கள், குழந்தை வளர்ப்பில் இறங்கியவர்கள், பகல் முழுக்க வேலை பார்ப்பவர்கள், இவர்களுக்கு வளாகத்தில் நான்கு ஆண்டுகள் தங்கும் வாய்ப்பே இல்லை. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம் மட்டும் வளாகத்துக்கு வந்தால் போதும் என்றார்கள். அந்த இரண்டு வாரத்தில் ஒரு பேராசிரியரோடு உட்கார்ந்து அடுத்த ஆறு மாதம் என்ன படிப்பது என்று திட்டம் போடுவார்கள். பிறகு வீட்டுக்குப் போய், எழுதியதைத் தபாலில் அனுப்புவார்கள், பேராசிரியர் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவார். லோ ரெசிடென்சி என்று இன்று அழைக்கப்படும் முறை இதுதான். இணையம் வருவதற்கு முப்பது வருடம் முன்னாலேயே, தபால் தலையை நம்பி ஓடிய படிப்பு.

சரி, இப்போது 1964. ஆன்டியோக்கில் உளவியல் பேராசிரியராக இருந்த சாமுவேல் பாஸ்கினின் முயற்சியில், ஆன்டியோக், கோடார்ட், பார்ட், சாரா லாரன்ஸ் போன்ற சோதனை மனப்பான்மை கொண்ட கல்லூரிகள் கைகோத்து ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. அப்போது அது பல்கலைக்கழகமே இல்லை. கல்லூரிகள் சேர்ந்து புதிய முறைகளை ஆராய்வதற்கான ஒரு சங்கம், அவ்வளவுதான். 1969-ல் அமைப்பை மாற்றி, சோதனைக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் ஒன்றியம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 'யூனியன்' என்ற பெயர் அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது. ஒஹாயோ மாநிலம் பட்டம் வழங்கும் உரிமையைக் கொடுத்ததும், சங்கம் மெல்லப் பல்கலைக்கழகமாக மாறியது.

அடுத்து வந்த ஆண்டுகளில் அவர்கள் இரண்டு காரியங்களில் இறங்கினார்கள். ஒன்று, 1971-ல் தொடங்கிய 'சுவர்கள் இல்லாத பல்கலைக்கழகம்'. இளநிலைப் பட்டத்துக்கானது. அமெரிக்க மத்திய அரசின் கல்வி அலுவலகமும் ஃபோர்டு அறக்கட்டளையும் பணம் கொடுத்தன. சுமார் 20 கல்லூரிகள் தத்தம் இடத்தில் இதை நடத்தின. பதினாறு வயதுக்காரரும் சேரலாம், அறுபது வயதுக்காரரும் சேரலாம், வகுப்பறை கட்டாயம் இல்லை, ஊருக்குள் இருக்கும் அலுவலகமும் தொழிற்சாலையும் நூலகமும் படிக்கும் இடம்தான் என்பது திட்டம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் அப்போது தொடங்கிய கிளை, தாய் அமைப்பைவிட நீண்ட ஆயுளோடு இருந்தது. இரண்டாவது காரியம், உங்கள் இயக்குநர் சம்பந்தப்பட்டது: யூனியன் கிராஜுவேட் ஸ்கூல் என்ற பெயரில் நடந்த பிஎச்டி.

இந்த பிஎச்டி எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அதன் பலமும் ஓட்டையும் புரியும். சேர்பவர் முதலில் பத்து நாள் போல ஒரு கூடுகைக்கு வரவேண்டும். வெவ்வேறு துறைக்காரர்கள் கலந்து உட்காருவார்கள்: ஒருவர் பாதிரியார், ஒருவர் செவிலியர், ஒருவர் சிறைச்சாலை ஆலோசகர், ஒருவர் நடனக்கலைஞர். அங்கே தான் என்ன செய்யப்போகிறேன் என்பதை ஒவ்வொருவரும் சொல்லி, மற்றவர்களிடம் அடி வாங்குவார்கள். அப்புறம் ஊர் திரும்பி ஒரு குழுவைத் திரட்ட வேண்டும். யூனியனின் சொந்தப் பேராசிரியர் ஒருவர் தலைமை. வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து அந்தத் துறை வல்லுநர்களை மாணவரே தேடிப் பிடிக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலே, சக மாணவர்கள் இரண்டு பேருக்கும் குழுவில் இடம் உண்டு. ஒரு முனைவர் பட்டக் குழுவில் மாணவர்களுக்கு இடம் என்பது அந்தக் காலத்தில் மட்டுமல்ல, இன்றும் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். குழுவின் முன்னால் ஒரு கற்றல் ஒப்பந்தம் எழுதப்படும். என்னென்ன படிப்பேன், எந்தெந்தப் பயிலரங்குகளுக்குப் போவேன், எங்கே பயிற்சிப் பணி செய்வேன், கடைசியில் எதைக் கொண்டுவருவேன் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

அந்தக் கடைசிப் பொருளுக்கு ஆய்வேடு என்று பெயர் வைக்கவில்லை. 'திறனை மெய்ப்பிக்கும் பணி' என்ற அர்த்தம் வரும் ஒரு நீண்ட பெயர் வைத்திருந்தார்கள். நடைமுறையில் பெரும்பாலானவை ஆய்வேடுகளாகத்தான் இருந்தன. ஆனால் படைப்பிலக்கியமாகவோ, ஒரு சமூகத்தில் நடத்திய செயல்திட்டமாகவோ இருக்கவும் விதியில் இடமுண்டு. அதோடு விளக்கமும் ஆராய்ச்சிப் பின்னணியும் எழுத வேண்டும். நீங்கள் அந்த மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் உரைநடையாக இருப்பதற்கு இதுதான் காரணம். பாடமே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தைத்த சட்டை, அதற்கு ஆயத்த அளவுகள் போட முடியாது.

இதைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த முறை நல்ல மாணவர் கையில் மிக நன்றாக வேலை செய்யும், சுமாரான மாணவர் கையில் மோசமாக வேலை செய்யும். வழக்கமான பல்கலைக்கழகத்தில் ஒரு துறை இருக்கிறது. அங்கே பத்துப் பதினைந்து பேராசிரியர்கள் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொள்கிறார்கள். பலவீனமான ஆய்வேடு ஒருவர் கண்ணில் தப்பினாலும் இன்னொருவர் கண்ணில் படும். யூனியனில் துறை என்பதே கிடையாது. குழுவைத் தேர்ந்தெடுப்பவர் மாணவர். அவர் தன்னைவிடக் கெட்டிக்காரர்களைத் தேடிப்போனால் அசல் ஆராய்ச்சி பிறக்கும். தன்னை வருத்தாதவர்களைத் தேடிப்போனால் அதற்குத் தடுப்பு குறைவு. தரம் முழுக்க அந்தத் தலைமைப் பேராசிரியரின் மனசாட்சியில் தொங்குகிறது. நான் படித்த கோப்புகளிலும் இரண்டு வகையும் இருந்தன, நடுத்தரம்தான் குறைவு.

அந்தப் பத்தாண்டில் நாடே இந்தத் திசையில் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1971-ல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் எர்னஸ்ட் பாயரின் தலைமையில் எம்பயர் ஸ்டேட் கல்லூரியைத் தொடங்கியது. அதுவும் வளாகம் இல்லாத, வழிகாட்டியோடு ஒப்பந்தம் போட்டுப் படிக்கும் கல்லூரிதான், ஆனால் அரசுப் பணத்தில். வேலை அனுபவத்தைக் கல்லூரிப் பாடமாக மதிப்பிடுவது எப்படி என்று ஆராயும் கூட்டமைப்பு 1974-ல் வந்தது. அதை வழிநடத்திய மாரிஸ் கீட்டனும் ஆன்டியோக்காரர்தான். 1976-ல் ஜான் ஸ்பெர்லிங், ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகத்தை லாபத்துக்காக நடத்தும் நிறுவனமாகத் தொடங்கினார். ஆக, வேலை பார்க்கும் பெரியவரைத் தேடி மூன்று வகை நிறுவனங்கள் கிளம்பின. ஒன்றுக்கு அரசு பின்னால் நின்றது, ஒன்றுக்குப் பங்குச் சந்தை பின்னால் வந்தது. யூனியனும் கோடார்டும் போன்ற மூன்றாவது வகைக்கு மாணவர் கட்டும் கட்டணத்தைத் தவிர வேறு எதுவும் பெரிதாக இல்லை. நான் இந்தக் கதையில் ஒரே ஒரு காரணத்தை மட்டும் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

தொடக்கத்தில் கிடைத்த நல்கைகள் தீர்ந்ததும் பணமுடை தொடங்கிவிட்டது. 1970-களின் பிற்பகுதியிலேயே யூனியன் கவிழும் நிலைக்குப் போய் மீண்டது. தலைமையிடம் சின்சினாட்டியில் நிலைபெற்றது. கூட்டமைப்பு என்ற உருவம் உதிர்ந்து, தனியாக நிற்கும் ஒரு சிறிய தனியார் கல்வி நிறுவனமாக அது ஆனது. 1985-ல் வட்டார அங்கீகாரம் முழுமையாகக் கிடைத்தது. கொடுத்தது நார்த் சென்ட்ரல் அசோசியேஷன். ஒஹாயோவின் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அப்போது அங்கீகாரம் கொடுத்த அதே அமைப்பு. 1989-ல் பெயர் 'தி யூனியன் இன்ஸ்டிட்யூட்' ஆனது. உங்கள் இயக்குநரின் ஆண்டான 1998, இந்த இரண்டுக்கும் பின்னால் வருகிறது. அதனால்தான் முதல் பத்தியிலேயே தயங்காமல் பதில் சொன்னேன். 1985-க்கு முந்தைய பட்டமாக இருந்தால் ஆண்டையும் அப்போதைய நிலையையும் தனியாகப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

அங்கே படித்தவர்கள் யார்? எழுத்தாளர் ரீட்டா மே பிரவுன் 1976-ல் அங்கே முனைவர் பட்டம் பெற்றார். உளவியலாளரும் எழுத்தாளருமான கிளாரிசா பிங்கோலா எஸ்டெஸ் 1981-ல். இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். ஆனால் அந்த நிறுவனத்தைத் தாங்கியவர்கள் பெயர் தெரியாதவர்கள்தான். சமூகப் பணியாளர்கள், தேவாலய ஊழியர்கள், ஆசிரியர்கள், நாற்பது வயதில் மீண்டும் படிக்க வந்த தாய்மார்கள். பின்னாளில் ஃப்ளோரிடாவிலும் கலிஃபோர்னியாவிலும் மையங்கள் வைத்தார்கள். கலிஃபோர்னியாவில் காவல்துறையினர் நிறையப் பேர் குற்றவியல் நீதி நிர்வாகப் பட்டம் படித்தார்கள். வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காவல் அதிகாரிக்குத் திங்கள்தோறும் பத்து மணி வகுப்பு என்பது நடக்காத காரியம். எதிர்ப்பு அரசியலின் மடியில் பிறந்த ஒரு கல்விமுறை கடைசியில் காவல்துறைக்குப் பயன்பட்டது என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். ஆனால் அதில் முரண் எதுவும் இல்லை. நேரமில்லாத மனிதருக்குக் கல்வி என்பதுதான் நோக்கம், அவர் என்ன சட்டை போட்டிருக்கிறார் என்பது அல்ல.

இங்கே ஒரு கிளைக்கதையைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதில்தான் இந்த வகைப் பல்கலைக்கழகங்களின் தலையெழுத்து தெரிகிறது. மேலே சொன்ன கோடார்ட் 1981-ல் பணக்கஷ்டத்தில் விழுந்தது. தன் திட்டங்களில் சிலவற்றைப் பக்கத்திலிருந்த நார்விச் பல்கலைக்கழகத்துக்கு விற்றது. பெரியவர்களுக்கான அந்தப் பட்டத் திட்டமும் அதில் போனது. நார்விச் ஒரு ராணுவப் பயிற்சிக் கல்லூரி. அதன் கையில் மான்ட்பீலியர் நகரில் வெர்மான்ட் கல்லூரி என்ற வளாகம் இருந்தது, திட்டங்களை அங்கே வைத்து நடத்தியது. அதே சமயத்தில், எலன் பிரையன்ட் வோய்ட் 1976-ல் கோடார்டில் தொடங்கியிருந்த எழுத்துக்கலை முதுநிலைத் திட்டம் வடக்குக் கரோலினாவின் வாரன் வில்சன் கல்லூரிக்கு இடம்பெயர்ந்தது. 2001-ல் நார்விச்சிடமிருந்து வெர்மான்ட் கல்லூரியை யூனியன் வாங்கியது. அப்போதுதான் 'யூனியன் இன்ஸ்டிட்யூட் அண்ட் யுனிவர்சிட்டி' என்று பெயர் நீண்டது. ஆக, 1963-ல் யூனியனின் உறவினர் வீட்டில் பிறந்த திட்டம், ராணுவக் கல்லூரி வீட்டில் இருபது வருடம் வளர்ந்து, யூனியனிடமே வந்து சேர்ந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 2008-ல் அந்த வளாகத்தையும் கலைத்துறை முதுநிலைத் திட்டங்களையும் புதிதாக உருவான வெர்மான்ட் நுண்கலைக் கல்லூரியிடம் விற்றுவிட்டார்கள். இந்தக் கைமாற்றங்களைக் கவனித்தீர்களானால் ஒன்று புரியும்: திட்டங்கள் ஒவ்வொரு முறையும் பிழைத்துக்கொண்டன, அவற்றைப் பெற்ற கல்லூரிகள்தான் மூச்சுத் திணறின.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கு ஓரளவு ஆதாரமாக இருக்கும் பகுதி. ஒஹாயோ உயர்கல்வி வாரியம் 2002-ல் யூனியனின் பிஎச்டி திட்டத்தை மறு ஆய்வு செய்து கடுமையான அறிக்கை கொடுத்தது. முனைவர் பட்ட அளவில் எதிர்பார்க்கப்படும் கறார் இங்கே குறைவாக இருக்கிறது என்பது அதன் சாரம். விளைவாக அந்தப் பழைய அமைப்பு கலைக்கப்பட்டது, பேராசிரியர்களின் பொறுப்புகள் மாற்றியமைக்கப்பட்டன. எதை வேண்டுமானாலும் தானே வடிவமைக்கும் பிஎச்டி போய், வகுத்த பாடங்கள் கொண்ட, பல துறைகளை இணைக்கும் பிஎச்டி வந்தது. இதெல்லாம் உறுதியான செய்தி. இதிலிருந்து 1998-ல் வாங்கிய ஒரு குறிப்பிட்ட பட்டம் மட்டமானது என்று முடிவு கட்டலாமா? கட்ட முடியாது. அறிக்கை திட்டத்தைப் பற்றியது, தனி மனிதரைப் பற்றியது அல்ல. அதே சமயம், இது மரபை எதிர்த்தவர்களை மரபுவாதிகள் பழிவாங்கிய கதை என்று பழைய மாணவர்கள் சிலர் சொல்வதையும் நான் முழுதாக ஏற்கவில்லை. மேலே சொன்ன கண்காணிப்பு ஓட்டை உண்மையிலேயே இருந்தது. வாரியம் அதைக் கற்பனை செய்யவில்லை. ஆனால் தீர்வு என்ற பெயரில் செய்த மாற்றம், யூனியனை மற்ற இடங்களிலிருந்து பிரித்துக்காட்டிய ஒரே விஷயத்தையும் எடுத்துவிட்டது என்பது என் எண்ணம். இது எண்ணம்தான், கணக்குப் போட்டு நிரூபிக்கக்கூடியது அல்ல.

அதற்குப் பிறகு நடந்தது பெரும்பாலும் பணக்கதை. அமெரிக்காவில் 1992-லிருந்து ஒரு விதி இருந்தது. ஒரு கல்லூரியின் பாடங்களிலோ மாணவர்களிலோ பாதிக்கு மேல் தொலைதூரக் கல்வியாக இருந்தால், மத்திய அரசின் மாணவர் உதவிப்பணம் கிடைக்காது. தபாலில் பாடம் அனுப்பி ஏமாற்றிய கல்லூரிகளைத் தடுக்கக் கொண்டுவந்தது. 2006-ல் இணையவழிப் படிப்புக்கு அந்தத் தடை நீக்கப்பட்டது. நீக்கியதும் பெரிய நிறுவனங்கள் முழுக்க இணையத்தில் பட்டம் கொடுக்கக் கிளம்பின. சதர்ன் நியூஹாம்ப்ஷயர், வெஸ்டர்ன் கவர்னர்ஸ் போன்ற பல்கலைக்கழகங்கள் லட்சத்துக்கு மேல் மாணவர்களைச் சேர்த்தன. அவர்களுடையது மலிவு, விளம்பரச் செலவுக்கும் குறைவில்லை. ஒரு பேராசிரியர் ஒரு மாணவருக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதும் முறையில் அந்த விலைக்குப் போட்டி போடவே முடியாது. வளாகம் இல்லாததால் செலவு குறைவு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கட்டடச் செலவு குறைவு என்பது சரி. ஆனால் ஆள் செலவு ஒரு வகுப்பில் ஐம்பது பேரை உட்கார வைப்பதைவிட எவ்வளவோ அதிகம்.

வயது வந்த மாணவருக்கு இன்னொரு குணமும் உண்டு. பதினெட்டு வயதுக்காரர் சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் நாலு வருடம் இருப்பார், பெற்றோர் பணம் கட்டுவார்கள். நாற்பது வயதுக்காரர் வேலை போனாலோ, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலோ அடுத்த பருவம் வரமாட்டார். வந்தவரும் முந்தைய கல்லூரியில் படித்ததைக் கழித்துக்கொண்டு பாதிப் பட்டத்துக்கான கட்டணத்தைத்தான் கட்டுவார். பட்டம் வாங்கிய பிறகு நன்கொடை கொடுக்கும் பழக்கமும் இவர்களிடம் குறைவு. கல்லூரியோடு விடுதி நினைவோ கால்பந்து நினைவோ கிடையாது, வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் தலைக்கு மேல் இருக்கும். நிரந்தர வைப்பு நிதி சேராததற்கு இதுதான் காரணம். வைப்பு நிதி இல்லாத இடத்தில் ஒரு பருவம் சேர்க்கை சரிந்தாலே சம்பளம் ஆட்டம் காணும்.

யூனியனில் 2023-ல் அதுதான் நடந்தது. ஊழியர்களுக்குச் சம்பளம் தள்ளிப்போனது. மாணவர்களுக்கு வரவேண்டிய பணமும் வரவில்லை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், அபராதத்துக்கு மூலம் இங்கேதான். அமெரிக்காவில் மத்திய அரசின் கடனும் உதவித்தொகையும் முதலில் கல்லூரிக் கணக்குக்கு வரும். கல்லூரி தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டு மீதியை 14 நாளுக்குள் மாணவரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த மீதியில்தான் பலர் வாடகை கட்டுகிறார்கள். அது மாணவரின் பணம், கல்லூரியின் பணம் அல்ல. அந்தப் பணத்தை மாணவர்களுக்குக் கொடுக்காமல் வேறு செலவுக்குத் திருப்பியதாகக் கல்வித் துறை குற்றம் சாட்டியது. உதவித் திட்டங்களிலிருந்து யூனியன் வெளியேற்றப்பட்டது, 43 லட்சம் டாலர் அபராதமும் விழுந்தது. 2024-ன் நடுவில் கதவு மூடியது. இதை நான் சமாதானம் செய்யப் போவதில்லை. கஷ்டப்பட்டுப் படிக்க வந்தவர்களின் கைப்பணத்தில் கை வைத்தது, பிறந்த நோக்கத்துக்கே செய்த துரோகம். ஆனால் குற்றச்சாட்டு பணத்தைக் கையாண்ட விதத்தைப் பற்றியது. பட்டங்களை விற்றதாக யாரும் சொல்லவில்லை.

அதே 2024-ல் கோடார்டும் மூடுவதாக ஏப்ரலில் அறிவித்தது. 1970-களின் தொடக்கத்தில் 1,900-க்கு மேல் இருந்த மாணவர்கள் கடைசியில் சுமார் 220 ஆகச் சுருங்கியிருந்தார்கள். அங்கே பண ஊழல் பேச்சே இல்லை, ஆட்கள் வரவில்லை என்பதுதான். ஆரெகான் மாநிலத்தில், 1970-களில் பெரியவர்களுக்கான கல்லூரியாகத் தன்னை மாற்றிக்கொண்ட மேரில்ஹர்ஸ்ட் 2018-லேயே மூடிவிட்டது. இவை எல்லாம் ஒரே நோயில் இறந்தன என்று சொல்லத் தோன்றும். சேர்க்கைச் சரிவும் வைப்பு நிதி இன்மையும் எல்லாவற்றுக்கும் பொது என்பது உறுதி. ஆனால் நிர்வாகம் எவ்வளவு தூரம் காரணம், இணையப் போட்டி எவ்வளவு தூரம் காரணம் என்று பங்கு பிரிப்பதில் ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. என் சாய்வு இரண்டாவதன் பக்கம். உள்ளே இருந்து சம்பளம் கிடைக்காமல் வெளியேறிய ஒரு பேராசிரியரிடம் கேட்டால் முதலாவதன் பக்கம் நிற்பார். அதற்கு அவருக்கு நியாயம் உண்டு.

போலிப் பட்ட ஆலை என்ற சொல்லை இங்கே பயன்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். பணம் கட்டினால் வேலையே வாங்காமல் காகிதம் அனுப்புகிறவர்கள், தாங்களே கண்டுபிடித்த அங்கீகார அமைப்பின் முத்திரையைக் குத்துகிறவர்கள், அவர்கள்தான் ஆலைக்காரர்கள். பெயர் மட்டும் உண்மையான பல்கலைக்கழகத்தின் சாயலில் இருக்கும். 'யூனியன்' என்ற சொல் பல பெயர்களில் வரும், அதனால் விவரக்குறிப்பில் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து பாருங்கள். ஒஹாயோவின் சின்சினாட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரிபார்ப்பது கடினமல்ல. அமெரிக்கக் கல்வித் துறை அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் தரவுத்தளம் ஒன்றை இலவசமாக வைத்திருக்கிறது. அதில் மூடப்பட்ட கல்லூரிகளும் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை அங்கீகாரத்தோடு இருந்தன என்ற குறிப்போடு இருக்கும். கல்லூரி மூடினால் மாணவர் ஆவணங்கள் வேறொரு கல்லூரியிடமோ மாநில உயர்கல்வித் துறையிடமோ போய்ச் சேரும். யூனியன் விஷயத்தில் ஒஹாயோ மாநிலத் துறையிடம் முதலில் கேட்பது முறை. பட்டம் பெற்றவரின் கையெழுத்து இட்ட ஒப்புதல் இல்லாமல் மதிப்பெண் பட்டியலைத் தரமாட்டார்கள். அதனால் உங்கள் மனிதவளப் பிரிவு வழியாக அவரிடமே கேட்டு வாங்குவதுதான் நாகரிகம். இப்படிக் கேட்பது எந்த இயக்குநரிடமும் செய்யும் வழக்கமான வேலைதான், அவரை மட்டும் சந்தேகிப்பதாகாது. அங்கேயே படித்துக்கொண்டிருந்தபோது மூடுவதில் மாட்டிக்கொண்டவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவருக்கு ஒரு தகவல்: மூடும்போது படித்துக்கொண்டிருந்தவரும், அதற்கு முந்தைய 180 நாளுக்குள் விலகியவரும், படிப்பை முடிக்காமல் இருந்தால் மத்திய அரசுக் கடனைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம்.

பட்டம் உண்மை என்று தெரிந்த பிறகும் அதன் தரம் பற்றிச் சந்தேகம் இருந்தால், அதற்கும் வழி இருக்கிறது. அமெரிக்க ஆய்வேடுகளைத் தொகுத்து வைக்கும் புரோக்வெஸ்ட் தளத்தில் அவர் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடுங்கள். கிடைத்தால் முதல் பக்கங்களில் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். வெளியிலிருந்து வந்த வல்லுநர்கள் அந்தத் துறையில் எழுதியவர்களா என்று தேடுங்கள். அப்புறம் மேற்கோள் பட்டியலையும், ஆய்வு முறையைப் பற்றிய அத்தியாயத்தையும் படியுங்கள். முந்நூறு பக்கத்தையும் படிக்கத் தேவையில்லை, நாற்பது பக்கத்திலேயே தெரிந்துவிடும்.